பஸ் வந்தால்தான் சலுகை

பாடசாலைப் பிள்ளைகளின் பயணத்துக்கு அரசு தரும் உதவியும், தெல்லிப்பழைச் சந்தியில் அது படும் பாடும்

இலங்கையில் பாடசாலைப் பிள்ளைகளின் போக்குவரத்துக்கு அரசு தரும் உதவி மூன்று வகை. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்களுக்கும் ரயிலுக்கும் தரப்படும் மாணவர் பருவச்சீட்டு ஒன்று. தேசிய போக்குவரத்து ஆணைக்குழு 2005ஆம் ஆண்டு தொடங்கிய ‘சிசு செரிய’ பாடசாலை பஸ் சேவை மற்றொன்று. சிறு பிள்ளைகளுக்கான அரை ரிக்கற் மூன்றாவது. மூன்றிலும் ஒரு பொது இயல்பு உண்டு: உதவி, ஓடுகிற வண்டியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. வண்டி போகாத ஒழுங்கைக்கும், வண்டி வந்தும் நில்லாத தரிப்பிடத்துக்கும் அந்த உதவி போய்ச் சேர்வதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையை அண்டிய தெல்லிப்பழை இதைத் தெளிவாகக் காட்டும் இடம். காங்கேசன்துறை வீதி, தண்டவாளம், பெயர்பெற்ற பாடசாலைகள், ஆதார வைத்தியசாலை, பிரதேச செயலகம் எல்லாம் உள்ள சிறுநகரம் அது. சந்தியிலிருந்து வடக்கேயும் கிழக்கேயும் சில கிலோமீற்றர் போனால், போர்க்கால இடப்பெயர்வுக்குப் பின் மெல்ல மெல்ல ஆட்கள் திரும்பிவரும் ஊர்கள். நகரத்துக்குரிய நெரிசலும் கிராமத்துக்குரிய பஸ் தட்டுப்பாடும் ஒரே பிரதேச செயலர் பிரிவுக்குள் அருகருகே இருக்கின்றன.

இலவசக் கல்வியில் எழுதப்படாத செலவு

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாடநூல்கள் 1980இலும் சீருடைத் துணி 1993இலும் இலவசமாயின. வகுப்பறைக்குள் பிள்ளைக்கு வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றை அரசு ஏற்றுக்கொண்டது. வீட்டுப் படலையிலிருந்து பாடசாலை வாசல் வரையான தூரம் மட்டும் பெற்றோர் தலையில் நின்றது.

அன்றைய திட்டத்தில் அந்தத் தூரத்துக்கு வேறொரு விடை இருந்தது. நாட்டின் பல பாகங்களிலும் மத்திய பாடசாலைகளை அமைத்து, ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறும் தூரத்துப் பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்துப் படிப்பிப்பதே கன்னங்கராவின் எண்ணம். விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு நாளாந்தப் பயணம் இல்லை. பிற்காலத்தில் விடுதிகள் சுருங்கின, பரீட்சை நிலைத்தது. புலமைப்பரிசிலில் கூடிய புள்ளி எடுத்த பிள்ளை ஆறாந் தரத்தில் பெரிய பாடசாலைக்கு மாறுகிறது. விடுதி இல்லையென்றால் ஒவ்வொரு நாளும் போய்வர வேண்டும்.

உயர்தரத்தில் இந்த ஓட்டம் இன்னும் கூடும். இலங்கைப் பாடசாலைகள் 1ஏபி, 1சி, 2, 3 என வகுக்கப்பட்டுள்ளன. விஞ்ஞானம், கணிதம் உட்பட உயர்தரப் பிரிவுகள் எல்லாம் இருப்பது 1ஏபி பாடசாலைகளில்தான். 1சி பாடசாலையில் கலையும் வர்த்தகமும் படிக்கலாம். இரண்டாம் வகைப் பாடசாலை பதினோராந் தரத்தோடு முடிந்துவிடும். ஆகவே உயிரியலோ கணிதமோ படிக்க விரும்பும் பிள்ளை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இடமிருந்தாலும் வெளியே போயே ஆகவேண்டும்.

தூரம் ஒரு பிரச்சினை என்பதை அரசு அறியாமலில்லை. முதலாந் தர அனுமதிச் சுற்றறிக்கையில் இடங்களில் அரைவாசி, பாடசாலைக்கு அண்மையில் வசிப்பவர்களின் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்படுகிறது. ‘அருகிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை’ என்ற வேலைத்திட்டம், பிள்ளைகள் தூரத்துக்கு ஓடுவதைக் குறைப்பதற்காகவே வந்தது. கட்டாயக் கல்வியின் வயதெல்லையும் 2016இல் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டது. பதினாறு வயதுவரை பிள்ளை பாடசாலைக்கு வந்தே தீரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எப்படி வருவது என்பதற்கு அதில் விடை இல்லை.

அனுப்பும் ஊர், வரவேற்கும் ஊர்

தெல்லிப்பழை குடாநாட்டின் கல்வி வரலாற்றில் முன்வரிசை ஊர். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் இங்கே பள்ளிக்கூடம் தொடங்கினர். இன்றைய யூனியன் கல்லூரி தன் தொடக்கத்தை அந்த ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது. பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் நிறுவியது மகாஜனக் கல்லூரி. அளவெட்டி, மல்லாகம், மாவிட்டபுரம், கீரிமலை, காங்கேசன்துறை, கட்டுவன் பக்கத்துப் பிள்ளைகள் இவ்விரண்டுக்கும் வருகிறார்கள். அதே காலை வேளையில் தெல்லிப்பழைப் பிள்ளைகள் எதிர்த்திசையிலும் போகிறார்கள்: சுன்னாகத்தில் ஸ்கந்தவரோதயாக் கல்லூரிக்கு, மருதனார்மடத்தில் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் தொடங்கிய இராமநாதன் கல்லூரிக்கு, அதற்கும் அப்பால் யாழ்ப்பாண நகரப் பாடசாலைகளுக்கு. தெல்லிப்பழையிலிருந்து யாழ். நகரம் ஏறத்தாழ பதினைந்து கிலோமீற்றர்.

இந்தப் போக்குவரத்தெல்லாம் ஒரே வீதியில் விழுகிறது. காங்கேசன்துறையில் புறப்படும் பஸ் மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், மருதனார்மடம், இணுவில், கோண்டாவில், கொக்குவில் வழியாக நகருக்குப் போகிறது. அலுவலகம் போகிறவர்கள், வைத்தியசாலைக்கு வருகிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், பல்கலைக்கழக மாணவர்கள் எல்லோரும் ஏறுகிற நேரமும் பிள்ளைகள் ஏறுகிற நேரமும் ஒன்றே. பாடசாலை காலை 7.30க்குத் தொடங்குகிறது. ஆறரைக்கும் ஏழேகாலுக்கும் இடைப்பட்ட முக்கால் மணி நேரத்தில் ஓடும் பஸ்களே ஒரு பிள்ளையின் நாளைத் தீர்மானிக்கின்றன. அந்த நேரத்து பஸ் சுன்னாகத்தை எட்டும்போதே நிறைந்துவிடும். இணுவிலிலும் கோண்டாவிலிலும் காத்து நிற்கும் பிள்ளைகளுக்கு மிதிபலகைதான் மிச்சம். அவர்கள் போகும் தூரம் குறைவு, கட்டணமும் குறைவு. ஆகவே நிறைந்த பஸ் நிற்காமல் போவதும் அவர்களின் தரிப்பிடத்தில்தான்.

தண்டவாளம் இருக்கிறது. போரில் அழிந்த பாதை இந்தியக் கடனுதவியில் மீண்டும் போடப்பட்டு, 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரி 2ஆம் திகதி காங்கேசன்துறைக்கும் ரயில் வந்தது. காங்கேசன்துறை, மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கோண்டாவில், கொக்குவில், யாழ்ப்பாணம் என்று நிலையங்கள் பஸ் பாதையை ஒட்டியே வருகின்றன. ஆனால் இந்தப் பாதையில் ஓடும் ரயில்களின் நேரம் கொழும்புப் பயணத்தை முன்வைத்துக் குறிக்கப்பட்டது. பாடசாலை மணிக்குப் பொருந்தும் ரயில் அமைந்தால் அது அதிர்ஷ்டம்.

சந்தியிலிருந்து விலகிய ஊர்களின் கதை வேறு. 1990 ஜூனில், தெல்லிப்பழையை உள்ளடக்கிய வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி போரினால் இடம்பெயர்ந்தது. பின்னர் அது உயர் பாதுகாப்பு வலயமானது. பல பாடசாலைகள் தம் கட்டடங்களை விட்டு வேறிடங்களில் இயங்கின. மல்லாகம் கோணப்புலம் போன்ற நலன்புரி நிலையங்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. போர் முடிந்த பின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதிக்கு 2017 ஜூலையில்தான் ஆட்கள் திரும்பினர். முகாமுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை, சொந்த ஊருக்கு வந்த பின் அதே பள்ளிக்கூடத்துக்கு நெடுந்தூரம் போகவேண்டியதாயிற்று. ஊர்ப் பாடசாலை திறந்தாலும், பிள்ளைகள் சேரும்வரை ஆசிரியர் போதாது. ஆசிரியர் வரும்வரை பிள்ளைகள் சேரார். பஸ்ஸும் அப்படியே. ஆளில்லாத வழியில் பஸ் ஓட்ட முதலாளி தயங்குவார். பஸ் இல்லாத ஊரில் குடும்பம் குடியிருக்கத் தயங்கும். அந்த வலயத்தில் அடைபட்டிருந்த, வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதி 2025 ஏப்ரலில்தான் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அப்போதும் காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரையே போகலாம் என்று நிபந்தனை இருந்தது. பின்னேர வகுப்பு முடித்துத் திரும்பும் உயர்தரப் பிள்ளைக்கு அந்த ஐந்து மணி பெரிய எல்லை.

சீசன் ரிக்கற்

மாணவர் பருவச்சீட்டு, ஊர்வழக்கில் சீசன் ரிக்கற், அரசின் உதவிகளில் பழையதும் பரவலானதும் ஆகும். 1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) உருவானபின், நாடு முழுவதும் ஒரே நிறுவனம் பஸ் ஓட்டியதால் இத்தகைய சலுகையை ஒரே விதியாக நடத்த முடிந்தது. குடாநாட்டில் கோண்டாவில், பருத்தித்துறை, காரைநகர் ஆகிய மூன்று சாலைகள் (டிப்போக்கள்) இன்று இ.போ.ச. பஸ்களை ஓட்டுகின்றன.

நடைமுறை எளிது. பிள்ளையின் வீட்டுப் பக்கத் தரிப்பிடத்தையும் பாடசாலைத் தரிப்பிடத்தையும் குறித்த விண்ணப்பத்தை அதிபர் உறுதிப்படுத்துவார். சாலையில் சலுகைக் கட்டணம் கட்டினால் குறித்த காலத்துக்கான அட்டை கிடைக்கும். பாடசாலை நாட்களில் அந்த இரு தரிப்பிடங்களுக்கிடையே அதைக் காட்டிப் போய்வரலாம். உண்மைக் கட்டணத்துக்கும் பிள்ளை கட்டியதற்கும் உள்ள வித்தியாசத்தைத் திறைசேரி போக்குவரத்துச் சபைக்குக் கொடுக்கிறது.

சிக்கல் பஸ்ஸுக்குள்ளே தொடங்குகிறது. நடத்துனர் நாள் முடிவில் சாலையில் ஒப்படைப்பது தன் பையில் சேர்ந்த காசை. அந்த ஓட்டம் நன்றாக ஓடியதா என்று அளக்கப்படுவதும் அந்தக் காசைக் கொண்டே. சீசன் பிள்ளைக்கான பணம் கொழும்பில் கணக்கிலிருந்து கணக்குக்குப் போகிறது; பையில் ஒரு சதமும் விழுவதில்லை. நாற்பது சீசன் பிள்ளைகளை ஏற்றிய ஓட்டம், காசுக் கணக்கில் வெறும் பஸ் ஓடியது போலத் தெரியும். பின்னால் தனியார் பஸ் துரத்திக்கொண்டு வருகிறது. வெள்ளைச் சீருடைக் கூட்டம் நிற்கும் தரிப்பிடத்தைச் சற்றுத் தாண்டி நிறுத்துவதோ நிறுத்தாமலே போவதோ நாடெங்கும் கேட்கும் முறைப்பாடு. சாரதி, நடத்துனரின் மனச்சாட்சியைக் குறைசொல்வதால் அது தீராது. கணக்கு வைக்கும் முறை அப்படி. பிள்ளையை ஏற்றியதற்கும் ஓட்டத்தின் கணக்கில் வரவு எழுதப்பட்டால் நிறுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கும்.

இரண்டாவது சிக்கல், பஸ்களில் இ.போ.ச. பஸ்ஸில் மட்டுமே சீசன் செல்லும். காங்கேசன்துறை வீதியில் தனியார் பஸ்களும் ஓடுகின்றன. உள்வழிகள் பலவற்றில் அவையே ஓடுகின்றன. கையில் சீசன் வைத்திருக்கும் பிள்ளை, முதலில் வரும் தனியார் பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கவேண்டும். அல்லது காசு கொடுத்து ஏறவேண்டும். நேரம் போய்விட்டால் பெற்றோர் இரண்டாவதையே தெரிவு செய்வர். மாதத்தில் சில தடவை இப்படி நடந்தால் சலுகையின் பாதிப் பயன் கரைந்துவிடும்.

சிசு செரிய

இந்தக் குறையை ஈடுசெய்ய வந்ததே சிசு செரிய. பாடசாலைப் பிள்ளைகளுக்கெனத் தனி பஸ். காலையில் ஓர் ஓட்டம், பாடசாலை விட்டபின் ஓர் ஓட்டம். சாதாரண கட்டணத்தில் பாதி. 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய போக்குவரத்து ஆணைக்குழு இதை நடத்துகிறது. வருமானம் குறைந்த கிராமிய வழிகளுக்கான கெமி செரிய, இரவு நேரத்துக்கான நிசி செரிய ஆகியனவும் அதன் கீழுள்ள மானியச் சேவைகளே. சிசு செரிய பஸ்ஸை இ.போ.ச.வும் ஓட்டலாம், தனியார் உரிமையாளரும் ஓட்டலாம். ஓட்டத்துக்கு ஆகும் செலவுக்கும் பிள்ளைகளிடம் வசூலாகும் தொகைக்கும் இடையிலான பள்ளத்தை ஆணைக்குழு நிரப்புகிறது.

சீசனைவிட இது நேர்த்தியான அமைப்பு. பிள்ளைகளை ஏற்றுவதற்காகவே பஸ்காரருக்குப் பணம் கிடைப்பதால் அவர்களை விட்டுவிட்டுப் போக அவருக்குக் காரணமில்லை. பெரியவர்களின் நெரிசல் இல்லை. பெண்பிள்ளைகளுக்கு அது கூடுதல் பாதுகாப்பு. நேரம் பாடசாலை மணியை ஒட்டியது.

ஆயினும் இது தானாக வந்து சேரும் உரிமையாக அமையவில்லை. அதிபரோ பெற்றோரோ கேட்கவேண்டும், வழி மதிப்பிடப்படவேண்டும், நிதி இருக்கவேண்டும், ஓட்ட ஒருவர் முன்வரவேண்டும். கடைசி நிபந்தனைதான் கடினம். ஆண்டில் பாடசாலை நடப்பது இருநூறு நாட்கள் அளவிலேயே. பஸ்ஸின் லீசிங் தவணையோ பன்னிரண்டு மாதமும் வரும். காலை எட்டு மணிக்கும் ஒன்றரை மணிக்கும் இடையே அந்த பஸ் என்ன செய்வது? வேறு வழித்தட அனுமதி இருந்தால் அந்த இடைவேளையில் உழைக்கலாம். நெருக்கமான நகரத்தில் இடைவேளைக்கு ஓட்டம் கிடைக்கும். மீள்குடியேறிய ஊர்வழியில் கிடைப்பது அரிது. மானியம் தாமதித்து வந்தால், டீசலுக்குக் கைக்காசு போடும் சிறு உரிமையாளர் மூன்றாம் மாதத்தோடு கைகழுவிவிடுவார்.

2022 காட்டிய கணக்கு

சதவீதச் சலுகையின் பலவீனத்தை 2022 வெளிச்சமாக்கியது. அவ்வாண்டு தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் ஜூன் இறுதியில் 460 ரூபாவானது. ஜனவரி முற்பகுதி வரை 14 ரூபாவாக இருந்த குறைந்தபட்ச பஸ் கட்டணம் ஜூலையில் 40 ரூபா. பாதிக் கட்டணம் என்ற சலுகை மாறவில்லை. ஆனால் 40இன் பாதி 20. ஆறு மாதத்துக்கு முன் சலுகையே இல்லாமல் முழு ரிக்கற் எடுத்தவர் கொடுத்ததைவிட அது அதிகம். கட்டணத்தின் ஒரு பங்கைத் தள்ளிக் கொடுக்கும் உதவி, விலை உயரும்போது பெற்றோருக்கு நிழலாக இராது. விலையோடு சேர்ந்து அதுவும் ஏறும். குடும்பம் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று ரூபாவில் உச்சவரம்பு வைத்திருந்தால் அதிர்ச்சி திறைசேரியோடு நின்றிருக்கும்.

எரிபொருள் இல்லாமற் போனதால் ஜூன், ஜூலையில் பாடசாலைகள் மூடப்பட்டன. ஜூலை 25ஆம் திகதி திறந்தபோது திங்கள், செவ்வாய், வியாழன் மூன்று நாட்கள் மட்டுமே வகுப்பு நடந்தது. தேசிய எரிபொருள் அட்டையின் வாராந்தப் பங்கீட்டுக்குள் பாடசாலை வான்கள் ஓட முயன்றன. ஆசிரியரும் கட்டடமும் பாடநூலும் இருந்தும், பயணம் ஒன்றுக்காகப் பாடசாலை நின்றது. போக்குவரத்து கல்வியின் ஓர் அங்கமே என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

வான், ஓட்டோ, சைக்கிள்

அரசின் மூன்று உதவிகளும் எட்டாத பிள்ளைகள் மூன்று வழிகளில் பாடசாலைக்குப் போகிறார்கள். வசதியுள்ள வீடுகள் மாதக் கட்டணத்துக்கு வான் பேசிக்கொள்கின்றன. சின்னப் பிள்ளைகளை அயலவர் சேர்ந்து ஓட்டோவில் அனுப்புகின்றனர். மூவர் இருக்கவேண்டிய இடத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளும், பின்னால் புத்தகப் பைகளுமாகப் போகும் ஓட்டோ பழகிய காட்சி. வான்காரருக்கும் ஓட்டோக்காரருக்கும் மானியம் எதுவும் இல்லை. மேற்பார்வையும் பெரும்பாலும் வீதிப் போக்குவரத்துப் பொலிஸார் மறிப்பதோடு முடிகிறது. ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறை மாதங்களுக்குக் கட்டணம் உண்டா, பாதியா என்ற பேச்சு ஒவ்வோர் ஆண்டும் வரும். இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, விதி இல்லை.

மற்றப் பிள்ளைகளுக்குச் சைக்கிள். குடாநாட்டின் தட்டையான நிலம் அதற்குத் தோதானது. 1990களில் எரிபொருள் தடை இருந்த காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய சில வாகனங்களைத் தவிர, யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் நகர்ந்தது. இன்றும் தரம் எட்டு, ஒன்பதுக்கு மேல் பிள்ளைகள் சைக்கிளுக்கு மாறுவதற்குப் பாடசாலை மட்டும் காரணமன்று. ஒன்றரைக்குப் பாடசாலை விட்டபின் ரியூசன். ஒரு பாடம் சுன்னாகத்தில், இன்னொன்று மருதனார்மடத்தில். அந்தச் சுற்றுக்கு சீசனும் செல்லாது, சிசு செரியவும் வராது. அரசின் கணக்கில் மாணவப் பயணம் வீடு–பாடசாலை–வீடு. பிள்ளையின் கணக்கில் அது நான்கு முனைச் சுற்று.

ஆனால் சைக்கிளோட்டும் பிள்ளைக்கு வீதியில் இடமில்லை. காங்கேசன்துறை வீதி கார்பெற் வீதியானபின் வாகன வேகம் கூடிவிட்டது. பஸ் தரிப்பிடத்தில் ஒதுங்கும்போதும் மீண்டும் வீதிக்கு ஏறும்போதும் ஓரத்துச் சைக்கிளே ஒடுங்குகிறது. வீதிக்கு அருகாக ஓடும் தண்டவாளத்தைக் குறுக்கறுக்கும் ஒழுங்கைகளில் காவலாளி இல்லாத கடவைகளும் உண்டு. உள்ளூர்ப் பிள்ளைகள் பெரிய வீதியைத் தவிர்த்துப் போகத் தெரிவு செய்வதும் அந்த ஒழுங்கைகளையே.

பல கைகளில் ஒரு பயணம்

உதவிகள் இருந்தும் ஒன்றோடொன்று பொருந்தாமைக்குக் காரணம் பொறுப்பு பங்கிடப்பட்டிருக்கும் விதம். இ.போ.ச. மத்திய போக்குவரத்து அமைச்சின் கீழ் உள்ளது. சிசு செரிய தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுடையது. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களின் வழித்தட அனுமதியும் நேர அட்டவணையும், அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தின் வழிவந்த அதிகாரத்தில், வடமாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபையிடம் உள்ளன. பாடசாலைகளில் தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சுக்கும், ஏனையவை மாகாணக் கல்வி அமைச்சு, வலிகாமம் வலயக் கல்விப் பணிமனை என்ற வரிசைக்கும் உட்பட்டவை. வீதியிலும் பிரிவு உண்டு: பெருவீதி வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு, ஒழுங்கை வலிகாமம் வடக்குப் பிரதேச சபைக்கு.

ஒரு பாடசாலையின் நேரம் கால் மணி மாறினால் அதை பஸ் அட்டவணை போடுகிறவருக்கு அறிவிக்க வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. எந்தத் தரிப்பிடத்தில் எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்ற பட்டியலும் எந்த அலுவலகத்திலும் கேட்டு வாங்கப்படுவதில்லை. இத்தனைக்கும் பிள்ளையின் முகவரி பாடசாலை இடாப்பில் இருக்கிறது.

மற்ற இடங்களில்

இதே கேள்விக்குப் பிற நாடுகள் வெவ்வேறு விடை கண்டிருக்கின்றன.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பேருந்தில் இலவசமாகப் போகலாம். செலவைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு மாநில அரசு ஈடுசெய்கிறது. அதோடு நில்லாமல், 2001–02இல் பட்டியல் இன, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் பின்னர் பதினோராம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரிந்தது. பேருந்து எட்டாத இடத்துக்கு மிதிவண்டி என்று இரண்டு வழியும் அங்கே சேர்ந்தே இருக்கின்றன.

பீகார் 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வில், உரிய வயதில் இடைநிலைப் பள்ளியில் சேரும் மாணவிகள் 32 சதவீதம் கூடினர். மாணவருக்கும் மாணவிகளுக்கும் இருந்த இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பள்ளிக்கூடம் மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம் தெரிந்தது.

கேரளம் எதிர்ப்பக்க அனுபவம். அங்கே தனியார் பேருந்துகளும் மாணவரைச் சலுகைக் கட்டணத்தில் ஏற்றவேண்டும். ஆனால் அதற்கான இழப்பை அரசு ஈடுசெய்வதில்லை. விளைவு, மாணவருக்கும் நடத்துனருக்கும் தீராத இழுபறி. தனியார் பஸ்ஸில் சீசன் செல்லவேண்டும் என்று இலங்கையில் கேட்பவர்கள் முதலில் பார்க்கவேண்டிய பாடம் இது.

இங்கிலாந்தின் அணுகுமுறை தூரத்திலிருந்து தொடங்குகிறது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இரண்டு மைல், அதற்கு மேற்பட்டவருக்கு மூன்று மைல் என நடக்கக்கூடிய தூரத்தை வரையறுத்தது. உரிய பாடசாலை அதற்கு அப்பால் இருந்தால் பயண ஏற்பாடு உள்ளூராட்சியின் கடமை. வழி பாதுகாப்பற்றதாயின் தூரம் குறைவென்று தட்டிக்கழிக்கவும் இன்று முடியாது. லண்டன் நகரம் 2005 முதல் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு பஸ் பயணத்தை முற்றாக இலவசமாக்கியது. தெல்லிப்பழைக் குடும்பங்கள் பல குடியேறிய ரொறன்ரோவில், பொதுப் பாடசாலைச் சபை ஐந்தாந் தரம் வரை 1.6 கிலோமீற்றர், ஆறு முதல் எட்டாந் தரம் வரை 3.2 கிலோமீற்றர் என்று எல்லை வைத்து மஞ்சள் பஸ் அனுப்புகிறது. பன்னிரண்டு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு 2015 முதல் நகர பஸ்ஸும் ரயிலும் இலவசம். இந்த எடுத்துக்காட்டுகள் பலவற்றில் உரிமை பிள்ளையின் வயதையும் வீட்டுத் தூரத்தையும் கொண்டு பிறக்கிறது. வண்டி அதற்குப் பின்னால் வருகிறது.

தெல்லிப்பழைக்குப் பொருந்துவது

மஞ்சள் பஸ் படை வாங்க இலங்கைத் திறைசேரியால் முடியாது. தெல்லிப்பழைக்கு அது தேவையும் இல்லை. பிரதேச அளவில் செய்யக்கூடியவை உள்ளன.

முதலாவது, பட்டியல். ஒவ்வொரு பாடசாலையும் மூன்று கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வரும் பிள்ளைகளைத் தரிப்பிட வாரியாக எழுதி வலயக் கல்விப் பணிமனைக்குக் கொடுத்தால், எங்கே பஸ் குறைவு என்பது ஒரு தவணைக்குள் தெரிந்துவிடும். அந்தப் பட்டியலை முன்வைத்து முடிவெடுக்க இடமும் இருக்கிறது: மாவட்ட, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் போக்குவரத்து, கல்வி, வீதி, பொலிஸ் அதிகாரிகள் ஒரே மேசையில் அமர்கின்றனர்.

இரண்டாவது, புறப்படும் இடம். காங்கேசன்துறையில் புறப்பட்டு வழியில் நிறையும் பஸ்களோடு, காலை நெரிசல் நேரத்தில் தெல்லிப்பழையிலோ சுன்னாகத்திலோ வெறுமையாகப் புறப்படும் ஓரிரு ஓட்டங்களைச் சேர்த்தால் இணுவில், கோண்டாவில் தரிப்பிடங்களில் நிற்கும் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும். இதற்குப் புதிய பஸ் வேண்டியதில்லை. அட்டவணை மாற்றமே போதும்.

மூன்றாவது, குறுக்கு வழிகள். வடக்கு–தெற்காக வீதியும் ரயிலும் இருக்க, கிழக்கு–மேற்காக அச்சுவேலி, கட்டுவன், அளவெட்டி வழிகளில் பஸ் அரிது. சிசு செரிய மானியம் முதலில் போகவேண்டியது இங்கேதான். பாடசாலை நேரம் தவிர்ந்த வேளையில் அதே பஸ்ஸை வைத்தியசாலை ஓட்டத்துக்கோ கெமி செரியவுக்கோ விட்டால், உரிமையாளருக்கு நாள் முழுக்க வருமானம். ஊருக்கு நாள் முழுக்க பஸ்.

நான்காவது, சீசன். அதைத் தனியார் பஸ்ஸுக்கும் விரிப்பதானால் ஏற்றிய பிள்ளைக்கு ஏற்பக் காசு போய்ச் சேரும் ஏற்பாடு கூடவே வரவேண்டும். அட்டையை வாசிக்கும் ரிக்கற் இயந்திரம் இருந்தால், இ.போ.ச. நடத்துனரின் கணக்கிலும் சீசன் பிள்ளை ஒரு வரவாக ஏறும். ஏற்றாமல் போவதற்கான காரணம் இரு பக்கத்திலும் அப்போதுதான் நீங்கும்.

ஐந்தாவது, சைக்கிள். பஸ் ஓட்டிக் கட்டுப்படியாகாத சிறு ஊர்களுக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு சைக்கிள் என்பதே மலிவான மானியம். அதற்குக் காங்கேசன்துறை வீதியில் ஓரத்தடம், பாடசாலை ஒழுங்கைகளில் தெருவிளக்கு, ரயில் கடவைகளில் படலையும் காவலாளியும் வேண்டும். இவை வீதி அபிவிருத்தி அதிகாரசபை, பிரதேச சபை, ரயில்வே திணைக்களம் ஆகியவற்றின் வழமையான வேலைகளே. பாடசாலைக் கணக்கில் அவற்றை முன்னுரிமைப்படுத்துவதுதான் புதிது.

இவற்றில் முதல் இரண்டுக்கும் பெரிய செலவில்லை. மூன்றாவதும் நான்காவதும் ஏற்கனவே ஒதுக்கப்படும் மானியத்தைப் பிள்ளை இருக்கும் இடத்துக்குத் திருப்புவன. ஐந்தாவதற்கு மட்டும் புதிய பணம் வேண்டும். அதையும் ஒரே ஆண்டில் செய்து முடிக்க வேண்டியதில்லை. மீள்குடியேறிய ஊர்களின் பாடசாலைகளிலிருந்து தொடங்கி ஆண்டுதோறும் விரிக்கலாம்.